பாதி அட்டை

டி.பார்ம் படித்த இரண்டு வருஷத்தில் கல்வத்தில் அரைக்கச் சொல்லித்தந்தார்கள். தராசில் எடை போட, களிம்பு குழைக்க, பொடியைத் தாளில் மடிக்கச் சொல்லித்தந்தார்கள். கத்தரிக்கோல் பிடிக்க யாரும் சொல்லித்தரவில்லை. அம்பாசமுத்திரத்தில் மருந்துக்கடை போட்டு 26 வருஷம் ஆகிறது. கல்வம் மேல்தட்டில் தூசி பிடித்துக் கிடக்கிறது. கத்தரிக்கோல் மட்டும் கையை விட்டு இறங்கியதில்லை.

எங்கள் பக்கம் பீடி சுற்றும் ஊர்கள். கூலி வாரக் கடைசியில்தான் வரும். ஒரு மாதத்துக்கு வேண்டிய பிரஷர் மாத்திரையை மொத்தமாக வாங்க எல்லார் கையிலும் காசு இருக்காது. "அண்ணாச்சி, நாலு நாளைக்குக் குடுங்க. சனிக்கிழமை மீதிய வாங்கிக்கிடுதேன்" என்பார்கள். முழு அட்டையாகத்தான் தருவேன் என்று நான் பிடிவாதம் பிடித்தால் மாத்திரை இல்லாமலே அந்த நாலு நாளை ஓட்டிவிடுவார்கள். அதனால் வெட்டுகிறேன்.

வெட்டும்போதுதான் அட்டையின் குணம் தெரியும். பேட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதியாகும் மாதம், விலை எல்லாம் பெரும்பாலான அட்டைகளில் ஒரே ஓரத்தில் இருக்கும். பத்து மாத்திரைக்கு ஒரே ஒரு இடம். அந்த ஓரத்தை வாங்குபவருக்குக் கொடுத்தால் என் டிராயரில் கிடக்கும் மீதிக்கு வயது தெரியாது. நான் வைத்துக்கொண்டால் அவர் வீட்டில் இருக்கும் மாத்திரைக்கு வயது தெரியாது. கடைக்காரர்கள் எல்லோரும் ஓரத்தை வைத்துக்கொள்வோம். பில்லில் பேட்ச் எண்ணும் எக்ஸ்பைரியும் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொள்வோம். அந்த பில் வீடு போய்ச் சேருவதற்குள் வெற்றிலை மடிக்கப் பயன்பட்டிருக்கும்.

கடை போட்டு மூன்றாம் வருஷம் ஒரு ஆச்சி பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் கவிழ்த்தார். உள்ளே தகரத் துண்டுகள் மாதிரி வெட்டுப்பட்ட அட்டைகள். இரண்டு மாத்திரை உள்ளது, மூன்று உள்ளது, ஒன்றே ஒன்று உள்ளது. "தம்பி, இதுல எது பிரஷரு, எது வாயு மாத்திரைன்னு பிரிச்சுக் குடு" என்றார். பதினோரு துண்டுகளில் ஏழைத்தான் என்னால் அடையாளம் சொல்ல முடிந்தது. மீதி நான்கில் மூன்றில் பெயரின் நடு எழுத்துகள் மட்டும் இருந்தன. ஒன்றில் எழுத்தே இல்லை, வெறும் வெள்ளித் தகடு. அந்த நான்கில் இரண்டையாவது நான்தான் வெட்டிக் கொடுத்திருப்பேன்.

அன்றிலிருந்து எந்தப் புது மருந்து கடைக்கு வந்தாலும் ஒரு சோதனை வைக்கிறேன். அட்டையைக் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் பாதியைப் பார்த்து மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடிகிறதா? இது என்ன மருந்து, என்ன பவர், எந்த மாதம் வரை? முழு அட்டையைப் பார்த்துப் பதில் சொல்வது பெரிய காரியமில்லை. எங்கள் ஊரில் மருந்து முழு அட்டையாக யார் கையிலும் அதிக நேரம் இருப்பதில்லை. கடையில் வெட்டாவிட்டாலும் வீட்டில் தினம் ஒரு மாத்திரையாகக் கிழிந்துகொண்டுதான் இருக்கும். இந்தப் பாதி அட்டைச் சோதனையில் தேறும் மருந்துகள் குறைவு.

எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளித் தகட்டின்மேல் வெளிர் நீலத்தில் அச்சடிப்பார்கள். பொன்னிறத் தகட்டின்மேல் பழுப்பில் அச்சடிப்பார்கள். கம்ப்யூட்டர் திரையில் வரைந்தவருக்கு அது அழகாகத் தெரிந்திருக்கும். என் கடை டியூப்லைட்டின் கீழே அந்தத் தகடு கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அடிக்கிறது. அட்டையைச் சாய்த்து, திருப்பி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறேன். காலாவதி மாதத்தைச் சிலர் மையே இல்லாமல் வெறும் அச்சழுத்தமாகப் பதித்து விடுகிறார்கள். அதைக் கண்ணால் படிப்பதைவிட விரலால் தடவிப் படிப்பது எளிது. எனக்கே இந்தக் கதி என்றால், கண்புரைக்கு ஆபரேஷன் செய்யத் தேதி கேட்டுக் காத்திருக்கும் மனிதர் இரவு எட்டரை மணிக்கு எதைப் படிப்பார்?

ஆகவே அவர்கள் படிப்பதில்லை. நிறத்தையும் வடிவத்தையும் பார்க்கிறார்கள். "ரோஸ் மாத்திரை காலையில, முட்டை மாத்திரை ராத்திரி" என்பதுதான் எங்கள் ஊர் மருந்துச் சீட்டு. இதில் தவறொன்றும் இல்லை. மனிதர் கண் அப்படித்தான் வேலை செய்கிறது. என் கண்ணும் அப்படித்தான் வேலை செய்தது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

சர்க்கரைக்குக் கொடுக்கும் கிளிமிபிரைடு 1 மில்லிகிராமிலும் 2 மில்லிகிராமிலும் வரும். ஒரு கம்பெனி இரண்டுக்கும் ஒரே பச்சைப் பட்டை, ஒரே எழுத்து, ஒரே அளவு அட்டை போட்டிருந்தது. ஓரத்தில் இருக்கும் ஓர் எண் மட்டும்தான் வித்தியாசம். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் கூட்டத்துக்கு நடுவே, 1 வாங்கும் பெரியவருக்கு 2 எடுத்து வெட்டிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் விடியற்காலை அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியிருக்கிறது. மருமகள் சமயோசிதமாகச் சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்ததால் பிழைத்தார். மறுநாள் அவரே கடைக்கு வந்து அட்டையை நீட்டி, "எப்பவும் வாங்குறதுதான அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தவறு என்னுடையது. எண்ணைப் படித்திருக்க வேண்டும். ஆனால் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை கை நீட்டி எடுக்கும் வேலையில், கண் முதலில் நிறத்தைப் பிடிக்கும், எண் பிறகுதான் வரும். இந்த இயல்பைத் தெரிந்துகொண்டு அட்டையை வடிவமைத்தால் என்னைப் போன்றவனின் தவறு பாதி குறையும். அதற்குப் பிறகு என் ரேக்கை மாற்றினேன். அகர வரிசையைக் கைவிட்டேன். ஒன்றுபோல் தெரியும் அட்டைகளை அடுத்தடுத்து வைப்பதில்லை. நடுவில் ஒரு தட்டு இடைவெளி விட்டு வைக்கிறேன். உயர் பவர் உள்ள பெட்டியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். கம்பெனி செய்திருக்க வேண்டிய வேலையை இரண்டு ரூபாய் ஸ்டிக்கர் செய்கிறது.

நிறம் மட்டுமில்லை, பெயரும் அப்படித்தான். ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்ற இரண்டு பெயர்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. இரண்டும் மூளையைத் தாக்கும் மலேரியாவுக்கானவை. உள்ளே இருந்த மருந்து வேறு வேறு. 2001-இல் தீர்ப்பு சொன்ன நீதிமன்றம், மற்றச் சரக்குகளில் பெயர் குழம்பினால் பணம்தான் நஷ்டம், மருந்தில் குழம்பினால் உயிருக்கே ஆபத்து, எனவே மருந்துப் பெயர்களைக் கடுமையான அளவுகோலால் அளக்க வேண்டும் என்ற கருத்தில் பேசியது. பல மொழிகள் பேசும், எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த நாடு இது என்பதையும் சுட்டிக்காட்டியது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் ஓர் எழுத்து மட்டும் மாறும் பெயர்கள் என் ரேக்கில் வந்து உட்கார்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

2018-இல் ஒரு நல்ல விதி வந்தது. மருந்தின் பொதுப்பெயரைக் கம்பெனிப் பெயரைவிட இரண்டு அளவாவது பெரிதாக அச்சடிக்க வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டது. எனக்கு அது பெரிய உதவி. ஆனால் ஆச்சிக்கு அது உதவவில்லை என்பதை ஒரு கால் வீக்கம் எனக்குக் காட்டியது.

வீங்கிய காலோடு வந்த அம்மாள் பீடி சுற்றுபவர். "ரெண்டு காலும் வீங்கிட்டு வருது, நீர் எறங்க ஒரு மாத்திரை குடுங்க" என்று வந்தார். அப்படிக் கேட்டதும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு, வீட்டிலிருந்து எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு அட்டைகள் வந்தன. ஒன்று தனியார் டாக்டர் எழுதி என்னிடமே வாங்கியது. இன்னொன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலில் வந்து கொடுத்தது. விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்த அரசு அட்டை. இரண்டிலும் அம்லோடிபின் 5 மில்லிகிராம். ஒன்று சின்ன வட்டம், மற்றது சற்றுப் பெரியது. ஒன்று பிரஷருக்கு, ஒன்று தலைசுற்றலுக்கு என்று அவராகவே பிரித்துக்கொண்டு இரண்டு மாதமாக இரண்டையும் விழுங்கியிருக்கிறார். அம்லோடிபின் அளவு கூடினால் பலருக்குக் கணுக்கால் வீங்கும். நீர் இறங்கும் மாத்திரை கொடுத்திருந்தால் ஒரு மருந்தின் கோளாறுக்கு இன்னொரு மருந்தைக் கொடுத்திருப்பேன். டாக்டரிடம் அனுப்பினேன். ஓர் அட்டை நின்றது. இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய அந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடாமல் பக்கவாதத்தில் விழுந்த எத்தனையோ பேரைப் பார்த்தவன் நான். வீடு தேடி மாத்திரை வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். ஒரே மருந்து இரண்டு வாசல் வழியாக ஒரு வீட்டுக்குள் வரும்போது, இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல வேண்டியது அட்டை. அட்டை சொல்லத்தான் செய்தது, ஆங்கிலத்தில்.

அந்த அம்மாளின் மடியில் இருக்கும் முறத்தை நினைத்துப் பார்க்கிறேன். அவர் சுற்றும் பீடி 25, 25-ஆகக் கட்டப்படுகிறது. கட்டின்மேல் ஒட்டும் லேபிளில் பீடியின் பெயர் தமிழில் இருக்கிறது. புகையிலைப் பொருள்கள்மேல் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்ற விதி 2009-இல் நடைமுறைக்கு வந்ததால், நோயின் படமும் இருக்கிறது. படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்று யோசித்துத்தான் படம் போட்டார்கள். உயிரைக் குறைக்கும் பொருளுக்கு இந்த யோசனை வந்திருக்கிறது. அதைச் சுற்றும் பெண்ணின் உயிரைக் காக்கும் மாத்திரையில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை, ஒரு படமும் இல்லை.

கம்பெனிக்காரர்கள் தரப்பில் நியாயம் உண்டு. இமாச்சலப் பிரதேசத்திலோ சிக்கிமிலோ உள்ள ஆலையில் அடிக்கும் தகடு எல்லா மாநிலத்துக்கும் போகிறது. இத்தனை மொழியை ஒரு விரல் அகலத்தில் அடக்க முடியாது. எந்த நோய்க்கு என்று அச்சடிப்பதும் சுலபமில்லை. புரோபரனலால் பிரஷருக்கும் கொடுப்பார்கள், ஒற்றைத் தலைவலிக்கும் கொடுப்பார்கள், கை நடுக்கத்துக்கும் கொடுப்பார்கள். சரி. ஆனால் பவர் எண்ணைப் பெரிதாகப் போட மொழி வேண்டாம். ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் பெயரை அச்சடிக்க மொழி தடையில்லை. வாரத்துக்கு ஒரு முறை மட்டும் சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட்டை, தினம் சாப்பிடும் மாத்திரையைப் போலவே பத்துப் பத்தாக அடைக்காமல் இருக்கவும் மொழி தடையில்லை. மூட்டு வாதத்துக்கு அதை வாங்கிப்போய் தினமும் சாப்பிட்டால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிரே போகலாம். எந்தக் கிழமை என்று நான் பேனாவால் எழுதாமல் அந்த மாத்திரை என் கடையை விட்டு வெளியே போகாது.

எச்சரிக்கைக் குறிகளும் இதே கதைதான். கண்டபடி விற்கக் கூடாத ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள் முதலியவற்றை 2014 மார்ச்சிலிருந்து எச்1 பட்டியலில் சேர்த்து, சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை போட வைத்தார்கள். வாங்குபவர் பெயரை நான் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2016-இல் ஆன்டிபயாடிக் அட்டையின் செங்குத்துச் சிவப்புக் கோட்டைப் பற்றி அரசு பிரசாரம் செய்தது: சீட்டு இல்லாமல் சாப்பிடாதே என்பது பொருள். என் கடைக்கு வருபவர்களிடம் அந்தக் கோடு எதற்கென்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருவர் கம்பெனி அடையாளம் என்றார். ஒரு பையன், "வெட்டுறதுக்குக் கோடு போட்டிருக்காங்க" என்றான். என் கத்தரிக்கோலைப் பார்த்து வளர்ந்தவன்; வேறு என்ன நினைப்பான்? 2023 ஆகஸ்டிலிருந்து 300 முக்கிய மருந்துகளில் கியூஆர் கோடு கட்டாயம். போலி மருந்தைக் கண்டுபிடிக்க அது நல்லது. ஆச்சியிடம் இருப்பது பட்டன் போன்.

எழுத்து ஒருபுறம் இருக்கட்டும். மாத்திரை வெளியே வர வேண்டுமே. இருபுறமும் அலுமினியத் தகடு போட்ட அட்டையை நாங்கள் அலு-அலு என்போம். ஈரக்காற்றுப் பட்டால் கெட்டுப்போகும் மருந்துக்கு அதுதான் காவல். அதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டைவிரலால் அழுத்தினால் சிலது திறப்பதே இல்லை. நாள் முழுக்கப் பீடி இலை நறுக்கும், விரல் நுனியில் கண் வைத்திருக்கும் பெண்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். அவர்களே இலை வெட்டும் கத்தரியால் அட்டையைக் குத்திக் கிழிக்கிறார்கள். மாத்திரை இரண்டாகிறது. உடைக்கவே கூடாத, மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையும் அதில் உண்டு. மூட்டுவலி மாத்திரையைத் திறக்க மூட்டுவலி இல்லாத கை வேண்டும் என்பதைப் போல ஒரு கொடுமை வேறில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. குழந்தைகள் மருந்தை எடுத்து விழுங்காமலிருக்க, கனடாவில் ஹென்றி பிரால்ட் என்ற குழந்தை மருத்துவர் முன்னின்று 1967-இல் அழுத்தித் திருப்பும் மூடியைக் கொண்டுவந்தார். அமெரிக்கா 1970-இல் சட்டமே போட்டது. பிரிட்டனில் 1998-இல் பாராசிட்டமால் பெட்டியைச் சிறிதாக்கினார்கள்: சாதாரணக் கடையில் 16, மருந்துக்கடையில் 32. அவசரத்தில் கைநிறைய விழுங்கிச் சாகிறவர்கள் எண்ணிக்கை குறைந்தது. மருந்து மாறவில்லை, பெட்டியின் அளவு மட்டும் மாறியது. ஒரு பெட்டியால் உயிர் பிழைக்கும் என்றால், ஒரு பெட்டியால் உயிர் போகவும் கூடும் என்றுதானே பொருள்?

என்னை இரவில் தூங்கவிடாதது மாத்திரை இல்லை, பாட்டில். குழந்தைக் காய்ச்சலுக்கான பாராசிட்டமால் இரண்டு உருவில் வருகிறது. சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 125. அதாவது 1 மில்லிக்கு 25. சின்ன பாட்டில், சின்னக் குழந்தைக்கு, அதனால் மருந்தும் லேசாக இருக்கும் என்று எந்தத் தாயும் நினைப்பாள். உண்மை தலைகீழ்: சொட்டு மருந்துதான் நான்கு மடங்கு கெட்டி. சிரப் தீர்ந்த இரவில் அதே பெயரும் அதே படமும் போட்ட சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம், பெரியவர் போடும் ஒரு முழு மாத்திரை, குழந்தையின் வயிற்றுக்குள் போகும். சொட்டு பாட்டிலில் அளவுக் குழாய் இருக்கிறது. அது தொலைந்தால் சிரப்பின் மூடிதான் அளவு. அந்த மூடியிலும் கோடு எங்கே? நிறமில்லாத பிளாஸ்டிக்கில் நிறமில்லாத புடைப்பு. விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் 2.5 எது, 5 எது என்று தெரியாது. நான் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றைக் கொடுத்து, உரிய அளவில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு அனுப்புகிறேன்.

பொடியாக வரும் ஆன்டிபயாடிக் சிரப்பில் குறி வரை தண்ணீர் ஊற்றிக் குலுக்க வேண்டும். குலுக்கியதும் மட்டம் இறங்கும். மீண்டும் குறி வரை ஊற்ற வேண்டும். அந்தக் குறி லேபிளின் ஓரத்தில் ஓர் அம்பு. நுரை அதை மறைத்துவிடும். ஒரு தாய் கழுத்து வரை ஊற்றுகிறாள், இன்னொருத்தி நுரையைப் பார்த்து நிறுத்திவிடுகிறாள். ஒரு குழந்தைக்கு நீர்த்த மருந்து, மற்றதற்குக் கெட்டி மருந்து. உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் அப்படியே: பெரியது 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. இரண்டும் ஒரே ஆரஞ்சுப் படத்தோடு வருகின்றன. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு ஏறி, குழந்தை இன்னும் துவண்டுபோகும்.

இன்சுலினில் எண் விளையாட்டு இன்னும் பயங்கரம். நம் நாட்டில் குப்பியில் வருவது பெரும்பாலும் 1 மில்லிக்கு 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் 100 யூனிட். ஊசியும் இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசியில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். பேனா உடைந்துபோய், கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு எடுத்தால் போவது 50 யூனிட். முதலாவதில் சர்க்கரை ஏறும். இரண்டாவதில் ஆள் விடிந்தும் எழாமல் போகலாம். சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் உள்ள வித்தியாசத்தை முதிய கண்ணிடம் நம்பி விட்டிருக்கிறோம்.

இதையெல்லாம் சரிசெய்ய யாருக்கும் தெரியாதா என்றால், தெரியும். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அட்டையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உலக சுகாதார நிறுவனம் 1995 முதல் இலவசமாக வழங்கிவரும் அட்டை அது. 28 நாளுக்கு ஓர் அட்டை. முதல் நாள் மருத்துவப் பணியாளர் கண்முன் விழுங்க வேண்டியவை தனிப் பகுதியில். மற்ற நாள்களுக்கானவை வரிசையாக. பெரியவருக்கு ஒரு நிறம், குழந்தைக்கு ஒரு நிறம். அட்டையே நாள்காட்டி, சாப்பிட்டோமா என்ற சந்தேகமே வராது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் பயிற்சிக்கு இருந்தபோது, கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் அந்த அட்டையைத் தப்பில்லாமல் முடித்துவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். அரசின் 'மாலா-என்' மாத்திரையும் அப்படி: 21 கருத்தடை மாத்திரை, பிறகு வேறு நிறத்தில் 7 இரும்புச்சத்து மாத்திரை. அந்த ஏழும், அடுத்த அட்டையை எந்த நாளில் தொடங்குவது என்ற கணக்கைப் பெண்ணின் தலையிலிருந்து எடுத்துவிடுகின்றன.

காசநோய்த் திட்டத்தில் '99டாட்ஸ்' என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். அட்டையைச் சுற்றி ஒரு காகித உறை. மாத்திரையை அழுத்தி எடுத்தால்தான் பின்னால் மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். அந்த எண்ணுக்கு ஒரு இலவச அழைப்பு. அன்றைய மாத்திரை கணக்கில் ஏறிவிடும். பட்டன் போனே போதும். இன்னும் பின்னால் போனால், 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இலினாயில் டேவிட் வாக்னர் என்ற பொறியாளர், மனைவி கருத்தடை மாத்திரையைச் சாப்பிட்டாரா இல்லையா என்று வீட்டில் தினம் எழும் குழப்பத்தைத் தீர்க்க, தாளில் கிழமைகளை எழுதி அதன்மேல் மாத்திரைகளை அடுக்கி வைத்தார். தாள் தட்டிவிடப்பட்டு மாத்திரைகள் சிதறின. பிறகுதான் சுழற்றும் வட்டப் பெட்டியைச் செய்தார். கிழமை போட்ட மாத்திரை அட்டைகளுக்கெல்லாம் அது முன்னோடி. 2005-இல் அதே நாட்டில் டெபோரா ஆட்லர் என்ற வடிவமைப்பாளர், தன் பாட்டி தவறுதலாகத் தாத்தாவின் மாத்திரையை விழுங்கியதைப் பார்த்து, தட்டையான முகமும் வீட்டில் ஆளுக்கொரு நிற வளையமும் உள்ள மருந்துப் புட்டியை உருவாக்கினார். இவர்களெல்லாம் தொடங்கிய இடம் ஒன்றுதான்: மாத்திரை விழுங்கப்படும் வீடு.

அப்படியானால் பிரஷர் மாத்திரைக்கு ஏன் அந்த அட்டை இல்லை? தொழுநோய் அட்டையை வடிவமைத்தவருக்கு, நோயாளி மருந்தை ஒழுங்காக முடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் குறி. கடையில் விற்கும் அட்டைக்குக் குறி வேறு. அதைத் தேர்ந்தெடுப்பவர் டாக்டர்; வாங்கி அடுக்குபவன் நான்; விழுங்குபவர் மூன்றாவது ஆள். அட்டையின் அழகு முதல் ஆளின் நினைவில் நிற்பதற்காக. அதன் அளவு என் ரேக்கில் அடங்குவதற்காக. மூன்றாவது ஆளுக்கென்று அதில் ஒதுக்கியது எதுவுமில்லை. சோப்பு வாங்குபவர் பிடிக்காவிட்டால் வேறு சோப்பு வாங்குவார். அட்டை புரியவில்லை என்று யாரும் மாத்திரையை மாற்றிக் கேட்பதில்லை. தனக்குத்தான் படிப்பில்லை என்று தலைகுனிந்துகொள்கிறார்கள்.

ஆகவே நான் என் அளவில் ஒரு சிறு அச்சகம் நடத்துகிறேன். முதலில் நேர்க்கோட்டில் வெட்டுவதை விட்டேன். பெயர் ஒரு துண்டிலாவது முழுசாக நிற்கும்படி பார்த்து வெட்டுகிறேன். காலாவதி மாதத்தை வெட்டுப்பட்ட துண்டின் முதுகில் அழியாத மார்க்கரால் எழுதுகிறேன். ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனிக் காகிதக் கவர். கவர்மேல் பாதிச் சூரியன் வரைந்தால் காலை, முழுச் சூரியன் மதியம், பிறை இரவு. தட்டு வரைந்து அதற்கு முன்னால் புள்ளி வைத்தால் சாப்பாட்டுக்கு முன், பின்னால் வைத்தால் பின். 'பிரஷர்', 'சுகர்', 'தைராய்டு' என்று தமிழில் எழுதுவேன். கம்பெனி மாறி நிறம் மாறினால் பழைய அட்டையையும் புதியதையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே மருந்து, பழையது தீர்ந்தபின் இது என்று சொல்லி, பழைய கவரிலேயே புதியதைப் போடுவேன். ஒரு மருந்துக்கு ஒரு நிமிஷம் கூடுதலாகும். கூட்ட நேரத்தில் பின்னால் நிற்பவர் முனகுவார். முனகட்டும். கிளிமிபிரைடு பெரியவர் என்னிடம் சத்தம் போடாமல் போனதற்கு இந்த ஒரு நிமிஷம்தான் நான் கட்டும் வட்டி.

ஆனால் ஒரு கடைக்காரன் மார்க்கரால் எழுதித் தீர்க்கக் கூடிய காரியமில்லை இது. நான் கேட்பது ஐந்துதான். ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் பெயரும் பவரும் காலாவதி மாதமும் அச்சாக வேண்டும். வெட்டுவதற்குத் துளைக்கோடு வேண்டும். பவர் மாறினால் நிறமும் மாற வேண்டும். பளபளக்கும் தகட்டில் எழுத்து கறுப்பாக இருக்க வேண்டும். எந்த அட்டைக்கும் அனுமதி தருமுன் அதைப் பாதியாக வெட்டி, அறுபது வயது தாண்டிய ஒருவரிடம் இரவில் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். ஐந்தாவதுக்குச் செலவு ஒரு கத்தரிக்கோல்.

அதுவரை, இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று இரவு உங்கள் வீட்டுப் பெரியவரின் மாத்திரை டப்பாவை ஒருமுறை மேஜைமேல் கவிழ்த்துப் பாருங்கள். பெயர் தெரியாத துண்டு எதையும் உள்ளே திருப்பிப் போடாதீர்கள். ஒரே பொதுப்பெயர் இரண்டு அட்டையில் இருந்தால், காலையில் இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடமோ மருந்துக்கடைக்கோ போய்க் கேளுங்கள். கடையில் வெட்டிக் கொடுத்தால், "எக்ஸ்பைரி எழுதிக் குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அது கோபம் வரும் கேள்வி இல்லை. கோபப்படும் கடை என்றால், கடையை மாற்றுங்கள்.